சிஸ்டர் டோரீன் களிம்பு பூசிய விதம்

சென்ற மாதம் பரமட்டாவில் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் தொடையிடுக்கில் கடி, ஒரே அரிப்பு என்று மெல்லிய குரலில் சொன்னார். மருந்தாளர் பெண் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு ஒரு சிறிய களிம்புக் குழாயைக் கொடுத்து, "ஒரு கிழமைக்கு மேல், ஏழு நாளுக்கு மேல் பூசவேண்டாம்" என்றாள். அவர் தலையாட்டினார். ஆனால் அவருடைய கண் வெளியே பஸ் தரிப்பில் இருந்தது. அவள் சொன்னது காதில் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை.

அவரைப் பின்னால் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்ல நினைத்தேன். கூச்சம் விடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தாதி. "இஞ்சாருங்கோ, வாயால சொல்ல ஏலாட்டி எழுதுங்கோ. தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டவை எல்லோ" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மருத்துவம் எழுத நான் ஆர் என்று கேட்டேன். "மருத்துவம் எழுதவேண்டாம். சிஸ்டர் டோரீனை எழுதுங்கோ. மருத்துவம் அதுக்குள்ள இருக்கும்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. நான் அவளுடைய பெட்டிகளோடு வந்தவன். நார்த்மீட்டில் வாடகை வீடு. எனக்கு ஒரு பால் தொழிற்சாலையில் போத்தல் கூடை தூக்கும் வேலை. ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. இந்த நாட்டில் அப்படி ஆனவனை உடனே அனுப்பிவிடுவதில்லை, இலகுவான வேலையில் போடுவார்கள். என்னை முதலுதவி அறையில் போட்டார்கள். கொஞ்ச நாளுக்கு என்றுதான் சொன்னார்கள். தொழிற்சாலையை மூடும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்த அறைக்குப் பொறுப்பு மூத்த தாதி, சிஸ்டர் டோரீன். உயரமான பெண். வெள்ளைத் தலைமயிரைக் காதுக்கு மேல் கட்டையாக வெட்டியிருப்பார். கண்ணாடி சங்கிலியில் தொங்கும். முதல் வருடத்தில் அவரிடம் நான் கற்றது கை கழுவுவது, கருவிகளைக் கொதிக்கவைப்பது, பஞ்சு உருட்டுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. கடைசியானது எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்காகத்தான் என்னை வைத்துக்கொண்டதாக அவர் பிறகு ஒருமுறை சொன்னார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மறைப்புத் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் உடை மாற்றிக்கொண்டிருந்தால், தன் சொந்த அறைக்குள் வருவதற்கே கதவைத் தட்டிவிட்டு நிற்பார். உள்ளே இருப்பவன் "வாருங்கள்" என்று சொல்லும்வரை வரமாட்டார். போத்தல் கழுவும் ஆட்கள் அவரைப் பற்றி எல்லாவிதமாகவும் கேலி செய்வார்கள். ஆனால் அந்தத் தட்டலைப் பற்றி ஒருவனும் கேலி செய்து நான் கேட்டதில்லை.

அந்தப் போத்தல் கழுவும் பகுதிதான் எங்கள் அறைக்குப் பாதி ஆட்களை அனுப்பியது. உள்ளே எந்நேரமும் நீராவி. முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, கழுத்திலிருந்து கீழே ரப்பர் ஏப்ரன். அதற்குள் மனிதன் காலையிலிருந்து வேர்வையில் ஊறிக்கொண்டிருப்பான். காலிடுக்கு, தொடையிடுக்கு, கமக்கட்டு என்று படர்தாமரை வரும். நான் சேர்ந்த காலத்தில் அதற்கு இருந்தவை ஓர் அமிலக் களிம்பும் ஓர் ஊதாச் சாயமும்தான். அமிலக் களிம்பைச் சிவந்த தோலில் பூசினால் ஆள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். சாயம் பூசினால் எரிவு குறைவு, ஆனால் உள்ளாடையிலிருந்து படுக்கை விரிப்புவரை ஊதாவாகும். மனைவிமார் சிஸ்டருக்குச் சண்டைச் செய்தி அனுப்புவார்கள்.

பிறகுதான் வெள்ளைக் களிம்புகள் வந்தன. ஒன்று பூஞ்சையை மட்டும் கொல்வது. இன்னொன்றில் அதே மருந்தோடு, சிவப்பையும் வீக்கத்தையும் கடியையும் அடக்கும் இன்னொரு மருந்து சிறிதளவு கலந்திருக்கும். நான் அவற்றைத் தனிக் களிம்பு, கலப்புக் களிம்பு என்று மனதில் பெயர் வைத்துக்கொண்டேன். கிழமைக்கு ஒருமுறை வரும் டொக்டர் எழுதிக்கொடுப்பார். பூசுவதும் பூசக் கற்றுக்கொடுப்பதும் சிஸ்டரின் வேலை.

அவர் பூசுவதைப் பார்க்கவேண்டும். முதலில் கை கழுவுவார். பிறகு அந்த இடத்தைக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, நன்றாகக் காயும்வரை காத்திருப்பார். வரிசையில் ஆட்கள் நின்றாலும் காத்திருப்பார். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை மூடிவைத்த மாதிரி என்பார். குழாயிலிருந்து பயறளவு எடுத்து முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் பூசிக் காட்டுவார். "வெள்ளையாகத் தெரிகிறதா? தெரிந்தால் கூடிப்போயிற்று." தேய்த்து மறையச் செய்வார். பிறகு நோயாளியின் தோலில், சிவப்புக்கு வெளியே, நல்ல தோல் போலத் தெரியும் இடத்திலிருந்து தொடங்கி உள்ளே வருவார். பூஞ்சை ஓரத்தில்தான் வேலை செய்துகொண்டிருக்கும், நடுவில் அது வேலையை முடித்துவிட்டது என்பார். அந்த ஓரத்தைச் சுற்றிப் பேனையால் மெல்லிய கோடு ஒன்று போடுவார். அடுத்த முறை வரும்போது சிவப்பு கோட்டுக்குள் ஒடுங்கியிருக்கிறதா, கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க.

பூசி முடிந்ததும் மீண்டும் கை கழுவுவார். மேலே துணி சுற்றிக் கட்டமாட்டார், பிளாஸ்டர் ஒட்டமாட்டார். மூடிக்கட்டினால் கலப்பு மருந்து வேண்டிய அளவுக்கு மேல் தோலுக்குள் இறங்கும். முகத்துக்குப் பூசாதே, கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோகாதே, வீட்டில் குழந்தைக்குச் சிவந்திருக்கிறது என்று இதை எடுத்துப் பூசாதே, துவாயைப் பகிராதே என்பார். காலிலும் தொடையிலும் இருக்கிறவனுக்கு இன்னொன்றும் சொல்வார்: முதலில் காலுக்குச் சொக்ஸைப் போடு, பிறகு உள்ளாடையைப் போடு. காலில் இருப்பதை உள்ளாடை மேலே அள்ளிக்கொண்டு போகாமலிருக்க. இதைக் கேட்டு ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உடை மாற்றும் அறையில் ஒரு பெரிய மனிதன் சொக்ஸை மட்டும் போட்டுக்கொண்டு நின்று, "சிஸ்டர் டோரீனின் சீருடை" என்று சுழன்று காட்டினான். ஆனால் அவனும் சொக்ஸைத்தான் முதலில் போட்டான்.

இனி தில்லைநாதனைப் பற்றி.

தில்லை கப்பலில் வேலை செய்து, சிட்னியில் இறங்கி, இங்கேயே இருக்க அனுமதி பெற்றவர். என்னைவிடச் சில வயது இளையவர், ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவார். மனைவியும் சின்ன மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடுவதற்கு அவருக்கு நிலையான வேலை இருக்கவேண்டும். போத்தல் கழுவும் பகுதியில் அவரை இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

ஒரு நாள் எங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"அண்ணை, உள்ள ஆர் இருக்கினம்?"

"சிஸ்டர்."

"ஆம்பிளை டொக்டர் இல்லையோ?"

"வாற கிழமைதான் வருவார்."

"அப்ப நான் போட்டு வாறன்."

அடுத்த கிழமையும் வரவில்லை. அதற்குள் அவர் சொறிவதைப் பார்த்த ஆட்கள், தில்லை என்ற பெயர் வாயில் வராதவர்கள், "டில்லி கிட்டார் வாசிக்கிறான்" என்று சொல்லிப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் ஃபோர்மன் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "சாப்பாட்டுப் பொருள் செய்கிற இடம், சிஸ்டர். இது தொற்று நோயா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும். இல்லையென்றால் நான் வேறு ஆள் பார்க்கவேண்டும்."

தில்லை பனியனைக் கொஞ்சம் மட்டும் உயர்த்தி இடுப்பைக் காட்டினார். இடுப்பைச் சுற்றி ஒரு சிவந்த பட்டி. அதிலிருந்து இறங்கித் தொடையின் உள்பக்கம் முழுவதும் மங்கலான சிவப்பு. படர்தாமரைக்கு இருக்கும் வளையம் இல்லை, தெளிவான ஓரமும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து நீட்டினார். வெளியே ஒரு டொக்டர், ஏப்ரன் கயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கொடுத்த களிம்பு. ஏப்ரன் கயிறு கட்டும் இடத்திலேயே பட்டி இருந்ததால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக் குழாயில் இருந்ததை வாசித்தார். "இது கடியை நிறுத்தியதா?"

"மந்திரம் மாதிரி, சிஸ்டர்."

"பூசுவதை நிறுத்தினால்?"

தில்லை யோசித்தார். "முன்னையைவிடப் பெரிதாக வரும்."

"அப்போது மீண்டும் பூசுவீர்கள். எவ்வளவு காலமாக?"

தில்லை என்னைப் பார்த்தார். மாதக்கணக்காக என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

சிஸ்டர் திட்டவில்லை. மழுங்கிய கத்தி ஒன்றால் சிவப்பின் வெளிப்பக்கத்தை மெதுவாகச் சுரண்டி, உதிர்ந்த செதில்களைக் கறுப்புக் கடதாசியில் ஏந்தி மடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். பூஞ்சை என்று பதில் வந்தது. டொக்டர் தொலைபேசியிலேயே கலப்புக் களிம்புக்குச் சம்மதம் தந்தார். குழாயில் இருந்தது சிவப்பை அடக்கும் மருந்து மட்டும், அதுவும் கடுமையான வகை. பூஞ்சையைக் கொல்ல அதில் ஒன்றும் இல்லை.

"இது நெருப்பை அணைக்கவில்லை. புகை தெரியாமல் ஜன்னலை மூடிவிட்டது. உள்ளே நெருப்பு தாராளமாகப் பரவியிருக்கிறது" என்று தில்லையிடம் சொன்னார். பிறகு தொடையில் தெரிந்த மெல்லிய ஊதாக் கோடுகளைக் காட்டினார். பிள்ளை சுமந்த பெண்களின் வயிற்றில் வருவது போன்ற கோடுகள். "இங்கே உங்கள் தோல் மெலிந்து உள்ளுக்குள் கிழிந்திருக்கிறது. இது கொஞ்சம் மங்கும், முழுவதும் போகாது. இன்னும் பூசினால் இன்னும் வரும்."

ஃபோர்மனிடம் அவரே பேசினார். ஐந்து கிழமை கழித்து டொக்டர் சோதித்துப் பார்க்கும்வரை தில்லையைப் போத்தல் பக்கம் விடாமல் முற்றத்தில் கூடை அடுக்கவிடச் சொன்னார். ஃபோர்மன் சம்மதித்தார். ஆனால் டொக்டர் அன்றைக்குச் சுத்தம் என்று சொல்லாவிட்டால் தில்லைக்கு வேலை இல்லை. அதை எங்கள் மூவருக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடுமையான களிம்பை நிறுத்தியதும் சில நாள் மோசமாகும் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மோசமாகத்தான் ஆனது. கலப்புக் களிம்பு தொடங்கியிருந்தும், முதல் இரண்டு நாள் சிவந்து கொதித்தது. தில்லை நடக்க முடியாமல் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இந்த மனுசி என்னை வேலையால அனுப்பத்தான் பாக்கிறா. பழைய மருந்தைப் பூசினனெண்டால் நாளைக்கே அடங்கும்."

"அடங்கும். டொக்டர் வாறண்டைக்கு என்ன செய்வாய்?"

நான் அவ்வளவு பேசியதே பெரிது. அவர் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். சிஸ்டர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "நல்லது. இப்போது ஓரம் தெரிகிறது" என்றார். அதைச் சுற்றிக் கோடு போட்டார்.

பிறகு இறங்கத் தொடங்கியது. காலையும் மாலையும், மெல்லியதாக, கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே. கிழமை முடிந்ததும் சிஸ்டர் கலப்புக் களிம்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தனிக் களிம்பைக் கொடுத்தார். தில்லை கெஞ்சினார். அதில்தான் சுகம் தெரிகிறது, இன்னும் ஒரு கிழமை தாருங்கள் என்றார். "சுகம் தந்தது பாதி மருந்து. அதன் வேலை முடிந்தது. மற்றப் பாதி இன்னும் வேலை செய்யவேண்டும், அது மெதுவாகத்தான் செய்யும்" என்றார் சிஸ்டர். அவர் குரல் உயரவில்லை, சாவியும் பையை விட்டு வரவில்லை.

தொடை தெளிந்தது. ஆனால் இடுப்பில் அந்தப் பட்டி மட்டும் போகவில்லை. காலையில் மங்கினால் மாலையில் மீண்டும் சிவக்கும். ஏப்ரன் கட்டாமல் முற்றத்தில் வேலை செய்தும் அப்படி. டொக்டர் சோதிக்கும் நாள் கிட்டிக்கொண்டிருந்தது. தில்லை சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். மகளின் படத்தை உடை மாற்றும் அறையில் தன் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தவர், அதைக் கழற்றி உள்ளே வைத்ததைக் கண்டேன்.

சிஸ்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, விளக்கைத் தாழ்த்தி, பெரிதாக்கும் கண்ணாடியோடு அவருடைய இடுப்புக்கு நேரே உட்கார்ந்தார். விரல் நுனியால் தோலைத் தடவினார்.

"இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நூல் அழுத்திய மாதிரி. சுற்றி வருகிறது. இங்கே என்ன அணிகிறீர்கள்?"

"பெல்ட், சிஸ்டர்."

"உங்கள் பெல்ட் என் இரண்டு விரல் அகலம். இது நூலளவு."

தில்லை சுவரைப் பார்த்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிறு. அவர் ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால் போய் அதை நெஞ்சுப் பக்கம் ஏற்றி, பனியனுக்குள் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளைக்காரப் பெண் கண்டால் என்ன நினைப்பாள் என்ற கூச்சம். வெளி டொக்டரிடமும் அப்படித்தான் செய்திருப்பார். அறையை விட்டுப் போனதும் கயிறு பழைய இடத்துக்கு இறங்கும். வேர்வையில் ஊறிய கயிறு, புதிதாகப் பூசிய களிம்பின் மேல்.

அந்தக் கூச்சம் எனக்குத் தெரியாததல்ல. என் இடுப்பிலும் ஒன்று கிடந்தது. அத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றியதில்லை. சொல்லலாமென்றால் அதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாது. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன். "சிஸ்டர்" என்றேன். சட்டையையும் பனியனையும் சேர்த்து மேலே தூக்கினேன்.

"அண்ணை, உங்களுக்கு விசரே?" என்றார் தில்லை.

சிஸ்டர் கயிற்றை மட்டும் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நன்றி. சட்டையை இறக்குங்கள், குளிரும்" என்றார். பிறகு தில்லையிடம் திரும்பி, "நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

தில்லை மெதுவாகப் பனியனைத் தூக்கினார். விலா எலும்பில் ஏறிக் கிடந்தது கயிறு. பூசிய களிம்புகள் எல்லாம் அதில் ஊறியிருந்தன. புளித்த பால் மணம். சிஸ்டர் அதைத் தொடவில்லை.

"எடுக்கச் சொன்னால் நான் வேலையை விட்டிட்டுப் போவன் எண்டு சொல்லுங்கோ அண்ணை. செத்தால்தான் அறுக்கிறது. அங்க எனக்குப் பெண்சாதி இருக்கிறா."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். செத்த ஆளுக்கு மட்டும் கயிறு இல்லை, உயிரோடு இருக்கிற ஆளுக்குக் கயிறு இருக்கும். சிஸ்டர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பருத்தி நூல் ஒரு வாழ்நாளுக்குத் தாங்காதே, இற்றுப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"புதிதைக் கட்டிவிட்டுப் பழையதை அறுப்போம்" என்றார் தில்லை, ஆங்கிலத்தில்.

"அப்படியானால் அதைத்தான் செய்யப்போகிறோம். அடிக்கடி செய்யப்போகிறோம்."

என் மனைவி கறுப்பு நூலைத் திரித்துத் தந்தாள். சிஸ்டர் சொன்னபடி கொதிநீரில் போட்டு உலர்த்தினேன். அடுத்த நாள் வேலை தொடங்குமுன் தில்லை வந்தார். சிஸ்டர் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றார். ஃபோர்மன் வந்து உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது. "சிகிச்சை" என்றார் சிஸ்டர்.

புதுக் கயிற்றைத் தோலில் படாமல் பனியனுக்கு மேலே கட்டினார் தில்லை. பிறகுதான் பழையதை அறுத்தார். அதைக் குப்பை வாளியில் போட மனமில்லை, ஆற்றில் விடப்போவதாகச் சொன்னார். "விடுங்கள். விட்டதும் கையைக் கழுவுங்கள்" என்றார் சிஸ்டர். கிழமைக்கு ஒரு புதுக் கயிறு, பனியனைத் தினமும் கொதிநீரில் தோய்ப்பது, தனிக் களிம்பைக் காலையும் மாலையும் பூசுவது. அவ்வளவுதான் செய்தோம். பட்டி மங்கியது. இந்த முறை மாலையில் சிவக்கவில்லை.

டொக்டர் வந்தார். தில்லை திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது கயிறு பனியனின் மேல் எல்லோரும் பார்க்கக் கிடந்தது. அவர் அதை மேலே ஏற்றவில்லை. டொக்டர், "இது என்ன?" என்று பேனை நுனியால் அதைக் கொளுவி ஒதுக்கப் போனார்.

"அது அவருடையது, டொக்டர். தோல் இதற்குக் கீழே இருக்கிறது" என்றார் சிஸ்டர். தில்லையைப் பார்த்தார். தில்லை தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியனை உயர்த்தினார்.

டொக்டர் கண்ணாடி வைத்து இடுப்பைச் சுற்றி வந்தார். தொடையைப் பார்த்தார். அந்த ஊதாக் கோடுகளில் கொஞ்சம் நின்றார். பிறகு வாசலில் நின்ற ஃபோர்மனிடம், "சுத்தம். போத்தல் பக்கம் அனுப்பலாம்" என்றார்.

தில்லை சட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனார். சிஸ்டர் கூப்பிட்டார். கையில் தனிக் களிம்புக் குழாய். "தோல் தெளிந்த பிறகும் இரண்டு கிழமை. எல்லோரும் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்."

"சரி, சிஸ்டர்" என்று வாங்கிக்கொண்டார்.

நான் அவரோடு நடைவழி முனைவரை போனேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"இண்டைக்கே பெண்சாதிக்கு எழுதவேணும், அண்ணை."

"வேலை தப்பினதையோ?"

"ஓம். கயிறு மாத்தினதையும் எழுதவேணும். இல்லாட்டி வந்து இறங்கினதும் பழசு எங்க எண்டு கேப்பா."

"ஆர் மாத்தினது எண்டு கேட்டால்?"

தில்லை சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு யோசித்தார். "அண்ணையின்ர வீட்டுக்காரி திரிச்சவ, நான் கட்டினனான், ஒரு வெள்ளைக்கார மனுசி கதவைக் காத்தவ எண்டு எழுதுறன்" என்றார். ஏப்ரனை மாட்டிக்கொண்டு நீராவிக்குள் போனார். உள்ளே யாரோ, "டில்லி, கிட்டார் எங்கே?" என்று கத்தினான். "விற்றுவிட்டேன்" என்று அவர் சொன்னது கேட்டது.